யார் கள்வன்? சிலம்பு முதல் 'மேற்குத் தொடர்ச்சி மலை' வரை

மலருக்குக் கட்டுரை கேட்டு வந்த அன்பர்கள், வழக்கம்போல "சமணத்தைப் பத்தி ஏதாவது எழுதிக் குடுங்க நயினாரே" என்றார்கள். "இந்தத் தடவை ஒரு சினிமாப் படத்தைப் பத்தி எழுதட்டுமா?" என்று கேட்டேன். ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். ஏலக்காய்க் கடை வைத்திருப்பவன், அட்டமி சதுர்த்தசிக்கு உபவாசம் இருப்பவன், சினிமா பற்றி எழுதுவதா என்ற சிரிப்பு அது. ஆனாலும் மறுக்கவில்லை. எழுதி முடித்துப் பார்த்தால் சமணம் தானாகவே உள்ளே வந்து உட்கார்ந்திருக்கிறது. ஆகவே அவர்கள் கேட்டதையும் கொடுத்தவனாகிறேன்.

நான் வந்தவாசிப் பக்கத்துக்காரன். 1983-ல் இந்தக் கம்பம்மெட்டுக்கு வந்தேன். பள்ளிப் படிப்போடு சரி. மற்றதெல்லாம் கடையடைத்த பிறகு அரிக்கேன் விளக்கிலும் பின்னர் டியூப் லைட்டிலும் படித்தது. ஆகவே வாசகப் பெருமக்கள் இதில் பேராசிரியரின் தோரணையை எதிர்பார்க்க வேண்டாம். எல்லைக் கோட்டின் மேலேயே கடை வைத்திருப்பவனுக்கு ஒரு வசதி உண்டு. எது சட்டம், எது சட்டத்துக்குப் புறம்பு என்பது பத்தடி தூரத்தில் மாறுவதை அவன் தினமும் பார்க்கிறான். அந்த அனுபவத்தை வைத்துக்கொண்டு, சட்டத்துக்குப் புறம்பானவர்கள், அதிகாரம், கலகம் என்ற மூன்றையும் கலை எப்படிக் கையாண்டிருக்கிறது என்று கொஞ்சம் ஆராயலாம் என்பதே என் ஆசை.

இருவகைக் கொள்ளையர் படங்கள்

நம் சினிமாவுக்குக் கொள்ளையன் புதியவன் அல்லன். நாமக்கல் கவிஞரின் நாவலை வைத்து 1954-ல் 'மலைக்கள்ளன்' வந்தது. எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்து, கலைஞர் வசனம் எழுதிய படம். பிறகு 1983-ல் 'மலையூர் மம்பட்டியான்', 1994-ல் 'சீவலப்பேரி பாண்டி'. மலையாளத்தில் காயங்குளம் கொச்சுண்ணி. கொட்டாரத்தில் சங்குண்ணியின் 'ஐதிஹ்யமாலை'யில் இடம்பெற்ற இந்தக் கொள்ளையனை 1966-லும் 2018-லும் படமாக எடுத்தார்கள். இவற்றில் பெரும்பாலும் ஒரே சூத்திரந்தான். இருப்பவனிடம் பிடுங்கி இல்லாதவனுக்குக் கொடுப்பான், பெண்களைத் தொடமாட்டான், கடைசியில் கூட இருந்தவனே காட்டிக் கொடுப்பான். எரிக் ஹாப்ஸ்பாம் என்ற ஆங்கில வரலாற்றாசிரியர் 1969-ல் இதற்கென்றே ஒரு புத்தகம் எழுதினார். அரசாங்கம் குற்றவாளி என்று சொல்கிற ஒருவனைக் குடியானவர்கள் தங்கள் வீரன் என்று கொண்டாடுவார்கள், அப்படிப்பட்டவன் உலகத்தில் எல்லா நாட்டிலும் உண்டு என்பது அவர் கருத்து.

இந்த வகைப் படங்களில் நமக்கு ஒரு சௌகரியம் இருக்கிறது. கொள்ளையன் யார், கொடுமைக்காரன் யார் என்பது முதல் ரீலிலேயே தெரிந்துவிடும். மீசையை முறுக்கிக்கொண்டு வருகிற ஜமீன்தாரைப் பார்த்து, "நான் இவன் இல்லை" என்று நிம்மதியாக முறுக்குத் தின்னலாம்.

கலைப்படம் என்று சொல்லப்படுவது இந்த நிம்மதியைக் கெடுக்கும். அங்கே கொடுமைக்காரனுக்கு மீசை இருக்காது. அவன் சிரித்த முகத்தோடு "பணம் மெதுவாக் குடுங்க, என்ன அவசரம்" என்பான். அப்படி என் நிம்மதியைக் கெடுத்த ஒரு படத்தைத்தான் இனிச் சொல்லப் போகிறேன்.

நம் மலையில் எடுத்த படம்

2018 ஆகஸ்ட் 24-ல் 'மேற்குத் தொடர்ச்சி மலை' வெளிவந்தது. லெனின் பாரதி இயக்கிய முதல் படம். விஜய் சேதுபதியின் நிறுவனம் தயாரித்தது; இசை இளையராஜா, ஒளிப்பதிவு தேனி ஈஸ்வர். தேனி மாவட்டத்து அடிவாரத்துக்கும் இடுக்கி ஏலத்தோட்டத்துக்கும் நடுவே இருக்கிற ஒற்றையடிப் பாதைதான் கதை நடக்கிற இடம். அதாவது நம் பாதை. ஏலக்காய் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு இறங்கி வருகிறவர்களை நாம் எத்தனை ஆண்டுகள் பார்த்திருக்கிறோம்! அவர்களை ஒரு படம் முழுக்க, அவசரப்படாமல், மூச்சிரைக்கிற சத்தத்தோடு காட்டியதை அதுவரை நான் பார்த்ததில்லை.

கதை சின்னது. ரெங்கசாமி என்கிற கூலியாளுக்குக் கொஞ்சம் சொந்த நிலம் வாங்க வேண்டும் என்று ஆசை. சேர்த்த பணத்தை நம்பி ஏலக்காயில் இறங்குகிறான். மூட்டை பள்ளத்தில் உருண்டு போகிறது. பிறகு எப்படியோ நிலம் கிடைக்கிறது. தோட்டத் தொழிலாளர் பிரச்சினையில் சங்கத் தலைவர் சாக்கோவும் ஆட்களும் தாங்கள் ஏமாற்றப்பட்டதை உணர்ந்து ஆத்திரத்தில் கொலை வரைக்கும் போய்விடுகிறார்கள். அந்த வழக்கில் ரெங்கசாமியும் சிறைக்குப் போகிறான். வெளியே அவன் மனைவி ஈஸ்வரி விதை, உரம், மருந்து எல்லாம் கடனாக வாங்கி விவசாயம் பார்க்கிறாள். கடன் ஏறுகிறது, நிலம் போகிறது. கடைசியில் அந்த நிலத்திலேயே காற்றாலை நிற்கிறது. அதற்குக் காவலாளியாக ரெங்கசாமி உட்கார்ந்திருக்கிறான்.

இதில் சட்டத்தின் கண்ணுக்குக் குற்றவாளி யார்? ரெங்கசாமி. கைவிலங்கு அவனுக்கு. நிலத்தை எடுத்துக்கொண்ட கடைக்காரன் மேல் ஒரு வழக்கும் இல்லை. அவன் எழுதியது எல்லாம் நியாயமான பற்று வரவு. கூட்டினால் சரியாக வரும்.

கம்பத்துத் தியேட்டரில் என் கடைக் கணக்குப்பிள்ளையோடு இதைப் பார்த்தேன். வெளியே வரும்போது அவர் மெதுவாக, "மொதலாளி, அந்தக் கடைக்காரன் பேரேட்டை நாம எழுதுன மாதிரியே இருக்கு" என்றார். வேடிக்கையாகத்தான் சொன்னார். மலையேறுகிற ஜீப்பில் வீடு வந்து சேரும் வரை நான் ஒரு வார்த்தையும் பேசவில்லை. நானும் உரம் கடன் கொடுக்கிறவன்தான்.

சிலம்பு சொல்லும் வழக்கு

அன்று இரவு தூக்கம் வராமல் சிலப்பதிகாரத்தை எடுத்தேன். நம் மலையில் இருப்பவர்களுக்குச் சிலம்பு தூரத்துக் காப்பியம் இல்லை. குமுளிக்கு மேலே மங்கலாதேவி மலையில், சித்திரா பௌர்ணமி ஒரே நாள் திறக்கிற கண்ணகி கோட்டத்துக்குப் பளியன்குடி வழியாக எத்தனை பேர் நடந்து போயிருப்போம். மதுரையை விட்டுப் புறப்பட்ட கண்ணகி பதினான்காம் நாள் வேங்கை மர நிழலில் நின்ற குன்று அதுதான் என்று பலரும் கருதுகிறார்கள். அந்தக் குன்றுக்குப் போவதற்கும் இன்று இரண்டு மாநிலத்துப் போலீசும் சோதனை போடுகிறது. அதிகாரத்தை எதிர்த்து நின்ற பெண்ணைக் கும்பிடப் போகிறவர்கள் அனுமதிச் சீட்டோடு வரிசையில் நிற்பது ஒரு வேடிக்கைதான்.

சிலம்பைத் திருட்டு வழக்கு என்ற கண்ணோடு படித்துப் பாருங்கள். இளங்கோவடிகள் மிக நுட்பமாக மூன்று வகைக் கள்வர்களை நம் முன் நிறுத்துகிறார்.

முதல் வகை எயினர். வேட்டுவ வரியில் வருகிற இவர்கள் வழிப்பறியை வாழ்க்கையாகக் கொண்டவர்கள். ஊரார் கணக்கில் இவர்கள்தான் கள்வர். கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் இவர்கள் கொற்றவை கோயிலில்தான் இளைப்பாறுகிறார்கள். கண்ணகியிடம் சிலம்பு இருக்கிறது. ஒருவரும் தொடவில்லை. சாலினி என்ற எயினர் குலப் பெண் கண்ணகியைப் பெருமைப்படுத்திப் பேசுகிறாள். காட்டில் ஆபத்து இல்லை. ஆபத்து மதுரையில், கடைத்தெருவில் இருக்கிறது.

இரண்டாம் வகை பொற்கொல்லன். உண்மையில் அரசியின் சிலம்பை எடுத்தவன் இவன். கோவலனைப் பிடிக்க வந்த காவலர்கள், "இவன் முகத்தைப் பார்த்தால் திருடன் மாதிரி இல்லையே" என்று தயங்குகிறார்கள். அப்போது பொற்கொல்லன் என்ன செய்கிறான் தெரியுமா? களவு சாத்திரம் பற்றி ஒரு பிரசங்கமே செய்கிறான்! மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என்று கள்வர்க்குத் துணையாகும் எட்டையும் வரிசையாக விளக்குகிறான். திருடனே திருட்டில் நிபுணனாகச் சாட்சி சொல்கிறான். இதைவிடக் கூர்மையாக ஒரு காட்சியை எந்தக் கலைப்பட இயக்குநரும் எடுத்துவிட முடியாது. கடைசியில் குடித்திருந்த ஒரு காவலன் வாளை வீசுகிறான். விசாரணை முடிந்தது.

மூன்றாம் வகைதான் முக்கியம். ஊடியிருந்த அரசியைச் சமாதானப்படுத்தப் போகிற அவசரத்தில் பாண்டியன் ஆணையிட்டுவிடுகிறான். சாட்சி கேட்கவில்லை, சிலம்பை ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. பிறகு கண்ணகி தன் சிலம்பை உடைத்து, அரசியின் பரல் முத்து, தன் பரல் மாணிக்கம் என்று மெய்ப்பிக்கிறாள். அப்போது பாண்டியன் கள்வன் என்ற அந்தப் பெயரைத் தானே வாங்கித் தன் தலையில் சூட்டிக்கொண்டு உயிர் விடுகிறான். எந்த ஊர் இலக்கியத்திலாவது ஓர் அரசன் நிறைந்த சபையில் இப்படிச் சொல்லிக்கொண்டதுண்டா என்று எனக்குத் தெரியாது. ஆனால் நம் தமிழில் உண்டு. எடுத்தவன் மட்டும் கள்வன் அல்லன், ஆராயாமல் அந்தப் பெயரை இன்னொருவன்மேல் வைத்தவனும் கள்வன். அவன் எடுத்தது ஒரு மனிதனின் பெயரை.

சமணர்களாகிய எங்களுக்கு இதற்கு மேலும் ஒரு செய்தி உண்டு. கட்டுரைக் காதையில் மதுராபதித் தெய்வம் கோவலனின் பழம் பிறவியைச் சொல்கிறது. சிங்கபுரத்துக்கும் கபிலபுரத்துக்கும் தீராப் பகை. இரண்டு நாட்டுக்கும் நடுவே யாரும் போய் வருவதில்லை. அந்த எல்லையைத் தாண்டிச் சங்கமன் என்ற வணிகன் சிங்கபுரத்துக் கடைத்தெருவில் பொருள் விற்கிறான். அவனை ஒற்றன் என்று அரசனிடம் காட்டிக் கொடுத்துக் கொல்வித்தவன் பரதன் என்ற அரசு ஊழியன். கொல்லா விரதத்தைக் கைவிட்டவன் அவன். அந்தப் பரதனே மறுபிறப்பில் கோவலன்! அன்று பழி சொன்னவன் இன்று பழி சுமந்தான். எல்லை தாண்டி வியாபாரம் செய்த வணிகன், அவனைக் காட்டிக் கொடுத்தவன், இருவரும் ஒரே கதையில். கம்பம்மெட்டில் உட்கார்ந்து இதைப் படிக்கும்போது உடம்பு சிலிர்க்காமல் என்ன செய்யும்?

ரேகைச் சட்டம்

பாண்டியனாவது ஒருவனைத்தான் ஆராயாமல் கள்வன் என்றான். வெள்ளைக்காரன் வந்து பிறக்கப் போகிற குழந்தையையும் சேர்த்து எழுதினான். 1871-ல் வடக்கே தொடங்கிய குற்றப் பரம்பரைச் சட்டம், 1911-ல் திருத்தப்பட்டுச் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. நம் அடிவாரத்துப் பெரியவர்கள் இதை 'ரேகைச் சட்டம்' என்பார்கள். மதுரை, உசிலம்பட்டி, கம்பம் பள்ளத்தாக்குப் பகுதிகளில் பிரமலைக் கள்ளர் சமூகத்து ஆண்களின் கைரேகையைப் பதிந்து, ஊர் விட்டு ஊர் போக அனுமதி கேட்க வைத்து, இரவில் வீட்டில் படுக்கவிடாமல் போலீஸ் கண்ணில் வைத்திருந்தார்கள். ஒருவன் திருடினானா என்ற கேள்வியே அங்கே கிடையாது. எந்த வீட்டில் பிறந்தான் என்பதே சாட்சி.

உசிலம்பட்டிக்குப் பக்கத்துப் பெருங்காமநல்லூர் மக்கள் ரேகை வைக்க மறுத்தார்கள். 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண்மணி உட்படப் பத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். முத்துராமலிங்கத் தேவர் முதலிய தலைவர்கள் போராடி, 1947-ல் சென்னை மாகாணத்திலும் 1952-ல் நாடு முழுவதிலும் சட்டம் நீங்கியது.

கடையில் மூட்டை தூக்கிய ஒரு கிழவர் என்னிடம் சொன்னதுண்டு. "எங்க அய்யா கல்யாணத்தன்னிக்கு ராத்திரியும் போய் ஆஜர் சொல்லிட்டுத்தான் வந்தாராம்." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, அந்தக் கட்டை விரலைப் பார்த்தார். அதிகாரம் என்றால் பீரங்கி, படை என்று நினைக்கிறோம். ஒரு மைப் பெட்டியும் ஒரு ரிஜிஸ்டரும் போதும்.

அங்கேரிப் படம் ஒன்று

இந்த ரிஜிஸ்டர் விஷயத்தை உலக சினிமாவில் யாராவது காட்டியிருக்கிறார்களா என்று கொச்சியில் வேலை பார்க்கும் என் மகனிடம் கேட்டேன். ஒரு விடுமுறையில் கணினியில் ஓர் அங்கேரிப் படத்தைப் போட்டுக் காட்டினான். அடியில் ஓடும் ஆங்கில எழுத்தை அவன் சொல்லச் சொல்ல நான் பார்த்தேன். மிக்லோஷ் யான்சோ என்பவர் இயக்கி 1966-ல் வந்த கறுப்பு வெள்ளைப் படம். 1848-ல் நடந்த அங்கேரியப் புரட்சி அடக்கப்பட்டு இருபது ஆண்டுகளுக்குப் பிறகு, கொள்ளையர்களையும் பழைய புரட்சிக்காரர்களையும் ஒரே பட்டியில் அடைத்துப் போட்டிருக்கிறார்கள். ஷாந்தோர் ரோஷா என்ற புகழ்பெற்ற கொள்ளைத் தலைவனின் ஆட்கள் அதற்குள் யார் என்று கண்டுபிடிக்க வேண்டும். அதுதான் அதிகாரிகளின் வேலை.

அடி உதையை விடப் பேச்சே அங்கு அதிகம் வேலை செய்கிறது. ஒரு கைதியிடம், "உன்னைவிட அதிகம் கொலை செய்தவனைக் காட்டு, உன் உயிர் தப்பும்" என்கிறார்கள். அவன் காட்டிக் கொடுக்க ஆரம்பிக்கிறான். ஒரு பிடி வாக்குறுதியைப் போட்டுவிட்டு, அடைபட்டவர்களே ஒருவரையொருவர் குற்றவாளி என்று எழுதும்படி செய்துவிடுகிறார்கள். கடைசிக் காட்சியில், ரோஷாவுக்கு மன்னிப்பு கிடைத்துவிட்டது என்று அறிவிக்கிறார்கள். அவன் ஆட்கள் ஆனந்தத்தில் தங்களை வெளிக்காட்டிக் கொண்டாடுகிறார்கள். அடுத்த வாக்கியத்தில், அந்த மன்னிப்பு அவன் ஆட்களுக்கு இல்லை என்று அறிவிப்பு முடிகிறது. அவ்வளவுதான் படம்.

பார்த்து முடித்ததும் எனக்குப் பொற்கொல்லன் ஞாபகம்தான் வந்தது. பெயர் சூட்டுகிற உரிமை யார் கையில் இருக்கிறதோ, அவர்தான் அதிகாரம். மதுரையானால் என்ன, அங்கேரியானால் என்ன?

எல்லையில் நடப்பவர்

இது பழங்கதை என்று யாரும் எண்ண வேண்டாம். 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு பிரச்சினையில் நம் மெட்டு அடைபட்டதும், தோட்டத்துத் தமிழ்க் கூலிகள் குழந்தைகளோடு காட்டுப் பாதையில் இறங்கியதும் நம் கண் முன்னே நடந்தவை. 2020 மார்ச்சில் கொரோனா வந்தபோது எல்லையும் பஸ்ஸும் நின்றன. மார்ச் 24 அன்று, இடுக்கித் தோட்டத்திலிருந்து போடி பக்கத்து இராசிங்காபுரத்துக்குக் காட்டு வழியாக நடந்து வந்த கூலிக் குடும்பங்கள் காட்டுத் தீயில் சிக்கி, ஒரு குழந்தை உட்படச் சிலர் இறந்தார்கள். அவர்கள் பாட்டன் காலத்திலிருந்து நடக்கிற பாதை அது. அதற்குப் பிந்திய மாதங்களில் அதே மாதிரிப் பாதையில் மேலே வேலைக்குப் போனவர்கள் மேல் வழக்குப் போட்டார்கள். நோய்க்குப் பயந்து போட்ட தடை, நியாயமானதுதான். ஆனாலும் நேற்று வரை கூலி, இன்று காலை முதல் குற்றவாளி. அவன் நடையில் ஒரு மாற்றமும் இல்லை, கோடுதான் மாறியது.

ஐந்து குற்றங்கள்

இனி எங்கள் ஆகமத்துக்கு வருகிறேன். இல்லறத்தான் கைக்கொள்ள வேண்டிய ஐந்து அணுவிரதங்களில் மூன்றாவது கள்ளாமை. உமாசுவாமி அருளிய தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம், இந்த விரதத்தைக் கறைப்படுத்தும் அதிசாரங்கள் ஐந்து என்கிறது. ஒன்று, பிறரைத் திருடத் தூண்டுதல். இரண்டு, திருட்டுப் பொருளை வாங்குதல். மூன்று, பகை நாட்டு எல்லையிலும் ஆட்சி குலைந்த நேரத்திலும் விதியை மீறி ஆதாயம் தேடுதல். நான்கு, வாங்க ஓர் எடை, விற்க ஓர் எடை வைத்தல். ஐந்து, நல்ல சரக்கில் போலியைக் கலத்தல்.

பட்டியலை இன்னொரு தரம் பாருங்கள். கன்னம் வைக்கிறவனும் வழிப்பறிக்காரனும் இதில் எங்கே? இந்த ஐந்தும் கடைக்காரன் செய்கிற காரியங்கள்! இரண்டாம் நம்பர் சரக்கு, பில் இல்லாத லோடு, தராசுத் தட்டின் அடியில் புளி, ஏலக்காய்க்குப் பச்சைச் சாயம். நம் மெட்டில் பத்து கிலோ ரேஷன் அரிசியைச் சேலைக்குள் மறைத்துக் கொண்டுவருகிற கிழவி பிடிபடுவாள். அதை வாங்கிப் பாலிஷ் போட்டு விற்கிறவன் கோயிலுக்கு டியூப் லைட் உபயம் செய்து பெயரும் எழுதி வைப்பான். எங்கள் ஆசாரியர்கள் கிழவியைத் தேடவில்லை; அவனைத்தான் தேடினார்கள்.

மறுபக்கம், உண்மையான திருடனுக்கு எங்கள் மரபில் கிடைத்த இடத்தைக் கேளுங்கள். ஐயமற்ற நம்பிக்கைக்கு எடுத்துக்காட்டாகச் சமந்தபத்திரர் தம் இரத்தினகரண்டகத்தில் பெயர் சொல்லுவது ஒரு முனிவரையோ அரசரையோ அன்று. அஞ்சன சோரன் என்ற திருடனை. கீழே ஆயுதங்கள் நட்டிருக்க, மேலே கட்டிய உறியில் ஏறி, மந்திரத்தை நம்பிக் கயிற்றை அறுக்க வேண்டும். மந்திரம் தெரிந்த நல்ல மனிதன் பயந்து பயந்து ஏறி இறங்கினான். அஞ்சனன் ஏறி ஒரே வீச்சில் அறுத்தான். பின்னர் துறவு பூண்டு வீடும் பெற்றான். ஆக, கள்வன் என்பது ஒருவன் செய்த செயலுக்குப் பெயரே ஒழிய, அவன் உயிருக்குப் பெயர் அன்று. ரேகைச் சட்டம் எழுதியவனுக்கு இது தெரியாமல் போயிற்று.

கலகம் பற்றியும் கேட்பீர்கள். கண்ணகி நகரை எரித்தாள். சாக்கோ கொலையில் முடித்தான். கொல்லா விரதம் கொண்ட நான் இதை ஏற்கமாட்டேன். ஆனால் தீயை மட்டும் கண்டித்துவிட்டு, அவசரத்தில் ஆணையிட்ட பாண்டியனைப் பேசாமல் விடுவது சமணம் அன்று. கோவலன் கொலையுண்ட செய்தி கேட்ட கவுந்தியடிகள், உண்ணா நோன்பிருந்து உயிர் நீத்தார். அவர் யாரையும் எரிக்கவில்லை. இது நடவாதது போல இருந்து சாப்பிடவும் இல்லை. அது ஒரு வழி. என்னைப் போன்ற கடைக்காரனுக்கு அவ்வளவு திராணி கிடையாது. என்னால் முடிந்தது கணக்கைத் திருத்துவது. அதைச் சொல்லித்தான் கட்டுரையை முடிக்க வேண்டும்.

என் கடைக் கணக்கு

1998-ல் மழைக்காலத்தில் ஆறு சாக்கு ஏலக்காய் வாங்கி இருப்பு வைத்தேன். சாக்குக்கு ஐம்பது கிலோ, மொத்தம் முந்நூறு. உள்ளே பாலிதீன் உறை போடாத வெறுஞ்சாக்கு. மறு மார்ச்சில் விலை ஏறியதும் நிறுத்தால் ஏழு கிலோ குறைகிறது. அறைச் சாவி என்னிடம் ஒன்று, பதினோரு வருஷம் என்னோடு இருந்த சுமைக்காரரிடம் ஒன்று. கடையில் நாலு பேர் இருக்கும்போது, "சாவி உன்கிட்டத்தானே இருந்துச்சு?" என்று கேட்டேன். அவ்வளவுதான். கள்வன் என்ற வார்த்தையை நான் சொல்லவில்லை. மற்றவர்கள் சொன்னார்கள், நான் மறுக்கவில்லை. அவர் சாவியைக் கல்லாப்பெட்டி மேல் வைத்துவிட்டு இறங்கிப் போனார். அப்புறம் மெட்டில் எந்தக் கடையிலும் அவரை உள்வேலைக்குச் சேர்க்கவில்லை. தலைச்சுமைக்குப் போனார்.

அடுத்த மழைக்கு மறுபடி வெறுஞ்சாக்கில் சரக்கு வைத்தேன். இந்த முறை சீல் வைத்து, சாவி இரண்டையும் நானே வைத்துக்கொண்டேன். மார்ச்சில் நிறுத்தேன். ஏறக்குறைய அதே குறைவு. மழையில் ஈரம் குடித்திருந்த காய், வெயிலில் அதை விட்டுவிட்டது. நூற்றுக்கு இரண்டு பங்கு ஈரம் போனாலே முந்நூறு கிலோவில் ஆறு கிலோ காணாமல் போகும். திருடியது பங்குனி வெயில்.

கோம்பைப் பக்கத்தில் அவர் வீட்டுக்குப் போனேன். பாக்கிக் கூலியைக் கொடுத்து, "தப்பு என்னோடதுதான், சரக்கு காஞ்சு போயிருக்கு" என்றேன். கூலியை எண்ணி வாங்கிக்கொண்டார். "கடையில நாலு பேர் முன்னாடி கேட்டீங்க மொதலாளி. மாத்திச் சொல்றதை மட்டும் திண்ணையில வந்து சொல்றீங்களே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அந்த நாலு பேரையும் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். நாளைக்கு, அடுத்த வாரம் என்று தள்ளிப் போட்டேன். வியாபாரியின் மானம் என்று ஒன்று இருக்கிறதே! 2009-ல் அவர் காலமாகிவிட்டார்.

படத்தில் மூட்டை பள்ளத்தில் உருளும்போது தியேட்டரில் எல்லோரும் 'ஐயோ' என்றார்கள். எனக்கு அந்த மூட்டை தெரியவில்லை. கல்லாப்பெட்டி மேல் கிடந்த சாவிதான் தெரிந்தது. பாண்டியன் சபை நடுவே சொன்னான். நான் திண்ணையில் சொன்னேன். இரண்டுக்கும் நடுவிலே இருக்கிற தூரம் ஆயிரத்தைந்நூறு வருஷத்தை விடப் பெரியது.

ஆகவே, நாலு பேருக்கு மேல் படிக்கிற இந்த மலரில் எழுதி வைக்கிறேன். அவர் எடுக்கவில்லை. சரக்கு காய்ந்தது. ஆராயாமல் கேட்டது என் குற்றம். அவர் பெயரை இங்கே போடவில்லை. மறுபடியும் ஒரு திருட்டுப் பேச்சோடு அந்தப் பெயர் அச்சில் வர வேண்டாம். அந்த நாலு பேரில் இருவர் இன்னும் மெட்டில் இருக்கிறார்கள். அவர்களுக்கு யாரைச் சொல்கிறேன் என்று தெரியும்.

கடை வைத்திருக்கும் இளைஞர்களுக்கு ஒரு விண்ணப்பம். இருப்புச் சரக்கு உள்ளே போகும்போது எடையோடு ஈரத்தையும் பார்த்துச் சிட்டையில் எழுதி வையுங்கள். இப்போது அதற்குச் சின்ன மெஷினே கிடைக்கிறது. குறைவு வந்தால் முதலில் அந்தச் சிட்டையைப் பாருங்கள், அடுத்து தராசைப் பாருங்கள், மூன்றாவதாக உங்கள் மனசைப் பாருங்கள். அதற்குப் பிறகும் மிச்சம் இருந்தால் ஆளைப் பார்க்கலாம்.